பதினோரு முறை கடவுச்சொல்

விரல்கள் பார்க்காமலே அடித்தன. எழுத்தும் எண்ணும் குறியுமாகப் பதினாறு. திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. கறுப்புத் திரை கடவுச்சொல் கேட்கும்போது அப்படித்தான். அடிப்பதைக் காட்டாது, பதிந்ததா என்றும் சொல்லாது. கடைசியில் வலது சுண்டுவிரல் போய் என்டரைத் தட்டியது. ஆற்றின் தலைமாட்டிலிருக்கும் முதல் நிலையம் அன்றைய நீர்மட்டத்தைக் கொடுத்தது. கைகள் அதை அறிக்கையில் சேர்த்துவிட்டு இரண்டாம் நிலையத்தைக் கூப்பிட்டன. மறுபடி அதே கேள்வி, மறுபடி அதே பதினாறு. பதினோராம் நிலையத்தின் எண் வந்தபோது மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்கு அறிக்கை ரேடியோவில் வந்தாக வேண்டும்.

அந்தக் கைகள் நிமியா ஓவெலாருடையவை; ஊர் மரியாதையாக 'ஞா நிமியா' என்று கூப்பிடும். வயது ஐம்பத்தெட்டு. புவெர்த்தோ கராயாவின் நீர்மட்ட அலுவலகத்துக்குத் தட்டச்சுப் பெண்ணாக வந்தவள். அப்போது ஆற்றோரம் அளவுகோல் பார்ப்பவர்கள் தொலைபேசியில் எண்ணைக் கத்துவார்கள், இவள் கேட்டு அடிப்பாள். பிறகு அளவுகோல்களின் இடத்தில் தானாக அளக்கும் பெட்டிகள் வந்தன. பெட்டிகளை நிறுத்திய நிறுவனம் இரண்டு வருடத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. விட்டுப்போனது ஒரு தடித்த கையேடு. அதை அகராதி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள் நிமியா. புரியாத பக்கத்தைப் புரியும்வரை தாண்டமாட்டாள். நாலு வருடத்தில் அந்தப் பெட்டிகளைப் பற்றித் தலைநகரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு வருடமாக, போன மாதத்து இரண்டு நாள் தவிர, ஒரு நாள் விடாமல் அவளே வந்து அடிக்கிறாள். ஞாயிறு, கிறிஸ்துமஸ், காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. இப்போது வயிற்றில் ஒரு கட்டி. திங்கட்கிழமை தலைநகர் அசுன்சியோனில் அறுவை. குறைந்தது இரண்டு மாதம் என்றார் டாக்டர். கூடினால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன மாதம் பரிசோதனைக்காக இரண்டு நாள் போனபோது, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அதிகாரி, இன்ஜினியர் போகாதோவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். திரும்பி வந்தால் இரண்டு நிலையங்கள் பூட்டிக் கிடந்தன. மூன்று முறை தப்பாக அடித்தால் பெட்டி தன்னைப் பூட்டிக்கொள்ளும். திறக்க ஒன்றரை நாள் படகில் போக வேண்டும்.

"நான் பதினாறையும் சரியாத்தான் அடிச்சேன், ஞா நிமியா. அந்தப் பொட்டிக்கு என்னைப் பிடிக்கல."

"கேப்ஸ் லாக் போட்டிருந்துச்சு, இஞ்செனியேரோ."

"போட்டிருந்தா திரையில தெரிய வேணாமா?"

"எதுவும் தெரியாது. அதுக்குத்தான் அது பாஸ்வேர்டு."

வாசலில் துடைப்பத்தோடு நின்ற ரூமில்தா சொன்னாள்: "வீட்டுலயும் இஞ்செனியேரோ இப்படித்தானாம். மூணாவது தட்டுக்கு வீட்டம்மா உள்தாழ்ப்பாள் போட்டுடுவாங்களாம்."

போகாதோ சிரித்தார். நிமியாவும் சிரித்தாள். ரூமில்தா பேசும்போதெல்லாம் ஒரு நொடி தாமதித்துத்தான் நிமியாவுக்குச் சிரிப்பு வரும். ரூமில்தா அலுவலகத்தைக் கூட்டி, காலையில் சூடான மாத்தே டீயும் ஒன்பது மணிக்கு ஐஸ் போட்ட தெரெரேயும் போட்டுக் கொடுப்பவள். ஆறு வருடத்துக்கு முன் வெள்ளம் கொண்டுபோன சிரிலோவின் மனைவி. அதற்காகத்தான் அவளுக்கு இந்த வேலை.

"இதுக்கு ஒரு ப்ரோகிராம் எழுதிட்டுப் போங்க, ஞா நிமியா. நீங்க வர்றவரைக்கும் அதுவே அடிக்கட்டும்" என்றார் போகாதோ.

"ஒருதரம் எழுதினேன்" என்றாள் நிமியா.

அவர் வேறு பக்கம் பார்த்தார். ஆனாலும் இந்த முறை எழுதுவதைத் தவிர வழியும் இல்லை.

அந்த ஒருதரம் நடந்தது ஆறு வருடத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தில். புதன்கிழமை மதியமே ஊர் மூடிவிடும். அடுப்புகளில் சிப்பா ரொட்டி வேகும், ஆள்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பேருந்து ஏறுவார்கள். நிமியாவின் தம்பி வீடு ஆற்றை விட்டுத் தள்ளி, உள்பகுதி ஊரில். பத்து வருடமாகப் பண்டிகைக்குப் போகாதவள் அந்த வருடம் போக நினைத்தாள். ஒரு வாரமாக உட்கார்ந்து, பதினோரு நிலையத்தையும் தானாகக் கூப்பிடும் நிரல் ஒன்றை எழுதி முடித்தாள். கடவுச்சொல்லைக் கட்டளையின் வாயில் முன்கூட்டியே ஊட்டிவிட்டால் போதும் என்பது அவள் எண்ணம். புதன் காலை பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தாள். பதினொன்றும் வந்தன. சந்தேகத்துக்கு மறுபடி ஓட்டினாள். மறுபடியும் வந்தன. பேருந்து ஏறிவிட்டாள்.

வந்ததற்குக் காரணம் வேறு. அன்று விடியலில் அவள் கையால் அடித்துத் திறந்த இணைப்புகள் இன்னும் மூடாமல் இருந்தன. நிரல் திறந்த கதவு வழியாக நடந்து போனது. எந்த நிலையமும் அதைக் கேள்வி கேட்கவே இல்லை. வியாழன் காலை ஐந்து மணிக்குக் கதவுகள் மூடியிருந்தன. நிலையம் கடவுச்சொல் கேட்டது. வாயில் ஊட்டியதை, நிலையத்தோடு இணைக்கும் கருவி தொடவில்லை. கடவுச்சொல்லை யார் எந்த வழியில் நீட்டினாலும் வாங்காது. திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் நேராகக் கேட்கும். திரைக்கு முன் யாரும் இல்லை. அது கேட்டுவிட்டுக் காத்திருந்தது. பிழை என்று சொல்லவில்லை, நின்றுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. புது எண் வராததால், நேரமானதும் தானாகப் போகும் அறிக்கை பழைய எண்ணையே எடுத்துக்கொண்டு ரேடியோவுக்குப் போனது.

வியாழன், ஐந்து மீட்டர் பன்னிரண்டு. வெள்ளி, ஐந்து மீட்டர் பன்னிரண்டு. சனி, ஐந்து மீட்டர் பன்னிரண்டு.

இபோரா ஆறு தலைமாட்டில் மழை பெய்தால் ஒரே ராத்திரியில் ஆள் உயரம் ஏறும். கரையோரச் செங்கல் சூளைக்காரர்கள் அந்த எண்ணைக் கேட்டுத்தான் படுப்பார்கள். வெள்ளிக்கிழமை ரேடியோவைக் கேட்டுவிட்டு ரூமில்தாவின் கணவன் சிரிலோ, "ஆறும் இன்னைக்கு விரதம் போல, அசையவே இல்ல" என்றானாம். சுடாத செங்கல் இரண்டாயிரம் வெளியே காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்குச் சூளையடியிலேயே படுத்தான். சனி விடியும் முன் தண்ணீர் சூளைச் சுவரைத் தள்ளியது.

தொழில்நுட்பக் கோளாறு என்று விசாரணைத் தாளில் எழுதினார்கள். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவளும் நிமியாதான்.

இந்த முறை மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். சாவிக்கோப்பு வைத்துக்கொண்டு கேள்வியே இல்லாமல் உள்ளே போகும் புதுமுறை அந்தக் கிழட்டுப் பெட்டிகளுக்குத் தெரியாது. கடவுச்சொல் ஒன்றுதான் வழி. கருவி மனிதனிடம்தான் கேட்கும் என்றால், நிரல் மனிதனாக நடிக்க வேண்டும். ஒரு பொய்த்திரையை உண்டாக்கி அதன் முன்னால் நிரலை உட்கார வைத்தாள். கருவிக்கு அது நிஜத் திரை. அது கேட்கும், நிரல் கேள்வி முழுதாக வரும்வரை பொறுத்து, பதிலை அடிக்கும்.

இரண்டாம் நாளே அவளுக்கு ஒன்று தோன்றியது. நிரல் ஓடும்போது பக்கத்தில் இன்னொரு திரையைத் திறந்து, கணினியில் என்னென்ன ஓடுகிறது என்ற பட்டியலைப் போட்டாள். கட்டளையின் வாலில் கடவுச்சொல் முழுதாகத் தொங்கியது. அந்தக் கணினியில் நுழையும் எவனும் படிக்கலாம். எடுத்து, நிரலைத் தவிர யாரும் திறக்க முடியாத தனிக் கோப்பில் வைத்தாள்.

ஐந்தாம் நாள், நிரல் தான் செய்வதை எழுதிவைக்கும் குறிப்பேட்டில் கடவுச்சொல் பச்சையாகக் கிடந்தது. மூன்றாம் நிலையம் மந்தம். கேள்வியை முதலில் அனுப்பிவிட்டு, அடிப்பதை மறைக்கும் வேலையை அரை நொடி கழித்துத்தான் செய்கிறது. மனித விரல் அந்த அரை நொடியைத் தானாகவே கொடுத்துவிடும், நிரல் கொடுக்கவில்லை. மறைத்துவிட்டதா என்று பார்த்துவிட்டு அடிக்கும்படி மாற்றினாள். குறிப்பேட்டில் அழித்தால் போதும் என்று அவள் நினைக்கவில்லை. வெளியே தெரிந்த சொல் செத்த சொல். அன்றே பதினோரு நிலையத்திலும் புதிய சொல் வைத்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"இவ்வளவு எதுக்கு? அந்தக் குறிப்பேட்ட யாரு படிக்கப் போறா?" என்றார் போகாதோ.

"நான் படிச்சேனே."

பத்தாம் நாள் ஏழாம் நிலையத்தைக் கூப்பிட்டபோது, கடவுச்சொல்லுக்கு முன் கருவி வேறொன்று கேட்டது: இந்தப் பெட்டி எனக்குப் புதிது, நம்பலாமா, ஆம் அல்லது இல்லை. அங்கே பெட்டியை மாற்றியிருந்தார்கள். எது கேட்டாலும் ஆம் என்று சொல்லும்படி எழுதுவது ஒரு வரி வேலை. அவள் எழுதவில்லை. தெரியாத கேள்வி வந்தால் பதில் சொல்லாதே, நின்றுவிடு, நின்றதைச் சொல். நாற்பது நொடி எதுவும் வராவிட்டாலும் அதே. ஒருமுறை மறுத்த கடவுச்சொல்லை இரண்டாம் முறை நீட்டாதே. எண் கிடைக்காத இடத்தில் பழையதைப் போடாதே, 'அளவு இல்லை' என்று போடு. நிரலில் இந்தப் பகுதிதான் மற்றதைவிட நீளமாக வந்தது.

ஒவ்வொரு விடியலிலும் எல்லா இணைப்பையும் அறுத்து, கணினியை அணைத்து மறுபடி போட்டுவிட்டு வெளியே போய் மாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். ஐந்து மணிக்கு உள்ளே யாரும் இருக்கக்கூடாது. ஐந்து இருபதுக்குப் போய்க் கையால் எல்லாவற்றையும் அடித்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். பன்னிரண்டு நாள் இரண்டும் ஒன்றாகவே வந்தன. சந்தோஷம் வரவில்லை. பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். நிரல் தினமும் காலையில் அச்சிடும் தாளைப் பார்த்து, 'அளவு இல்லை' என்று இருந்தால் ரேடியோவுக்குப் போன் செய்ய ஓர் ஆள் வேண்டும். போகாதோ ஏழரைக்குத்தான் வருவார். கரையிலிருந்து நாலு மணிக்கு எழுந்து நடந்து வருபவள் ரூமில்தா. ஆறு வருடம் தள்ளிப்போட்டதை இனித் தள்ள முடியாது என்று நிமியாவுக்குத் தெரிந்தது. செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதி, மேசைக்கு எதிரே அவளை உட்காரச் சொன்னாள்.

ரூமில்தா தாளை மெதுவாகப் படித்தாள்.

"அளவு இல்லைன்னா என்ன, ஆறே இல்லையா?"

"அந்த நிலையம் பதில் சொல்லலைன்னு அர்த்தம். ரேடியோவுல அதை அப்படியே சொல்லச் சொல்லு. அளவு இல்லை, கரையில இருக்கறவங்க மேல ஏறுங்கன்னு."

"கொசுக்கடியில கொழந்தைகளத் தூக்கிட்டு ஏறுவாங்க. தண்ணி வரலைன்னா என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"நேத்து நம்பரு இருக்கும்ல? அதச் சொல்லிட்டா ஆச்சு."

"கூடாது."

"ஏன்?"

நிமியா தன் கைகளைப் பார்த்தாள். "அந்தப் பெரிய வாரத்துல சொன்னது அதுதான், ரூமி. அஞ்சு பன்னெண்டு. மூணு நாளும் புதன்கிழமை நம்பர். மெஷின் கெட்டுப் போகல. நான் எழுதின ப்ரோகிராம். பாஸ்வேர்டு கேட்ட இடத்துல நின்னுடுச்சு. யாருக்கும் சொல்லாம நின்னுடுச்சு. நான் தம்பி வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன்."

ரூமில்தா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தப்பு பண்ணாதவ எவ கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஆபீசுக்கு வருவா? ரெண்டாவது வருஷமே தெரியும்."

"கேக்கவே இல்லையே நீ."

"நான் எதுக்குக் கேக்கணும்? சொல்ல வேண்டியது நீங்க. தெனம் மாத்தே கொண்டாந்து வைக்கறப்ப, இன்னைக்குச் சொல்லுவாங்கன்னு பாப்பேன். அப்புறம் அப்படிப் பாக்கறதையும் விட்டுட்டேன்."

"ரூமி, என்னை மன்னி…"

"அது வேணாம், ஞா நிமியா." குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறவங்ககிட்ட சரின்னு சொல்லி அனுப்பறது லேசு. என்னால முடியல. பொய்யும் சொல்ல மாட்டேன்."

வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். நிமியா தலையாட்டினாள். அவள் எதிர்பார்த்தது இதைவிடக் கடுமையானது. ஆனாலும் இது கனமாகத்தான் இருந்தது.

ரூமில்தா தாளை மேசையில் வைத்து விரலால் தட்டினாள். "இது நிக்குமா, மறுபடி?"

"ஒருநாள் நிக்கும். எல்லாமே நிக்கும். ஆனா நின்னா, நின்னுட்டேன்னு சொல்லும்."

"சொல்லலைன்னா?"

"தாளே வராது. ஆறு மணிக்குள்ள தாள் வரலைன்னாலும் அளவு இல்லைதான். அதையே சொல்லு."

"அதை இதுல எழுதலியே நீங்க."

நிமியா தாளை இழுத்துப் பார்த்தாள். எழுதவில்லைதான். மூன்று வாரம் யோசித்து, தாளே வராத காலையை அவள் எழுத மறந்திருந்தாள்.

"பெருசா எழுதுங்க. விடியக் காலையில எனக்குக் கண்ணு தெரியாது" என்றாள் ரூமில்தா. "என் தங்கச்சி வீடும் அந்தக் கரையிலதான் இருக்கு."

நிமியா புதுத் தாள் எடுத்தாள். வீங்கிய மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினாள். தாள் வராவிட்டால் என்பதைக் கடைசியில் சேர்த்து அதற்குக் கீழே கோடு போட்டாள். ரேடியோக்காரனின் தொலைபேசி எண்ணை இரண்டு முறை சரிபார்த்தாள். எழுந்து நின்று நீட்டினாள். ரூமில்தா கையை மேலங்கியில் துடைத்துவிட்டு வாங்கி, அங்கேயே நின்று கடைசி வரி வரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.