முறுக்கிப் பார்த்த சூப்பர்வைசர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கர்நாடகத்தில், பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் ஒல்லியானவர். அத்தனை எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவிலும் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. உடம்பு சரியில்லை என்று யார் லீவு கேட்டாலும், வலிக்கிற இடத்தை அழுத்திப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

இரண்டு மாதமாக என் இடது முன்கை வலித்தது. வெளியே வீக்கமில்லை. லீவு கேட்டேன்.

"சும்னே டிராமா பண்ணாதப்பா," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக் கையைப் பிடித்து முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்புக்குள் அபூர்வமான ஒரு நீர்க்கட்டி இருக்கிறது, புற்றுநோய் இல்லை என்றார். கட்டி வளர்ந்து எலும்பு முட்டை ஓடுபோல மெலிந்திருந்ததாம். அதைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பில் கொஞ்சம் வெட்டி அந்தக் குழியை அடைத்தார்கள்.

நான்காம் நாள் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நான் முறுக்கலேன்னா இந்தக் கட்டி இருக்கிறதே தெரிஞ்சிருக்காதும்மா," என்றார் என் மனைவியிடம்.

நடந்ததெல்லாம் தெரிந்தும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என் வேலை அவர் கையில் இருந்தது. நானும் "ஆமா சார்" என்றேன்.

அவர் கிண்டல் செய்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. என்னைக் காப்பாற்றியதாக அவர் மனதார நம்பினார்.