அரைஞாண்கொடி அறுத்த மாசாணம்

பொள்ளாச்சி ரோட்டில் தனியார் பஸ் ஓட்டும் மாசாணம், எதிரே எவன் வந்தாலும் ஒதுங்குகிற ஆள் இல்லை. அப்பேர்ப்பட்டவரை ஒரு வருடமாக மூத்திரம் ஆட்டி வைத்தது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்கி ஓடினார். ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு ஏறிக்கொண்டே போனது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோயோ என்று ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாங்கல்ல, உட்டுத்தள்ளுங்க," என்றார் மனைவி வள்ளியாத்தாள்.

"ஒண்ணுமில்லைன்னா அந்த அளவு எதுக்குப் புள்ள ஏறுது? என்னன்னு கண்டுபுடிக்காம நான் உடமாட்டேன்."

டாக்டரிடமே போய் மல்லுக்கு நின்றார். கட்டி முன்பக்கம் ஒளிந்திருந்தால் ஊசிக்குத் தப்பியிருக்கும், எம்.ஆர்.ஐ. எடுத்தால் இடம் தெரியலாம் என்றார் டாக்டர். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

கோயமுத்தூர் ஸ்கேன் சென்டரில் வேறு வம்பு வந்தது. உள்ளே இருப்பது பெரிய காந்தம், உடம்பில் உலோகம் எதுவும் ஆகாது என்றாள் டெக்னீசியன் மெர்சி. மாசாணத்தின் இடுப்பில் கல்யாணத்தன்று போட்ட வெள்ளி அரைஞாண்கொடி. தொப்பை வளர்ந்து, கழற்ற வழியில்லாமல் இறுகிக் கிடந்தது. அறுக்கத்தான் வேண்டும்.

வள்ளியாத்தாள் குறுக்கே நின்று அழுதார். "பொணத்துக்குத்தான் அம்மணி அதை அறுப்பாங்க! உசுரோட இருக்கற மனுசன் இடுப்புல கை வெக்காதீங்க!"

கட்டிங் பிளேயரும் கையுமாக மெர்சி விழித்தாள். சாவுக்குப் பயம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் பயந்து ஒதுங்கினால் அவர் மாசாணமா? பிளேயரைத் தன் கையில் வாங்கினார்.

"எந்தப் பொணம் புள்ள தன்னோட கொடியைத் தானே அறுத்துக்குது? நல்லாப் பாத்துக்க!"

ஒரே வெட்டு. கொடியை வள்ளியாத்தாள் கையில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். இயந்திரம் காதைப் பிளந்தது. ஏர் ஹாரனுக்கே அசராத மனுசர், அசையாமல் கிடந்தார்.

படத்தில் முன்பக்கம் ஒரு கரும்புள்ளி. அதையே குறிபார்த்து மறுபடி ஊசி போட்டார்கள். புற்றுநோய்தான். ஆனால் சுரப்பியைத் தாண்டவில்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"மாட்டுனியாடா!" என்றார் மாசாணம், படத்திலிருந்த புள்ளியைப் பார்த்து.

ஆபரேசன் அன்று அவர் இடுப்பில் கறுப்புக் கயிறு இருந்தது. அதுவும் ஆகாது என்று நர்ஸ் வாயெடுப்பதற்குள் வள்ளியாத்தாள் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அவரேதான் அறுத்தார்.

"வெரசாப் போயிட்டு வாங்க. புதுசு ஒண்ணு மடியில வெச்சிருக்கறேன்."