மல்லாட்டை நுழையாத வீடு

டிசம்பர் பிறந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எனக்குக் காவல் காக்கிற வேலை. வாசலில் ஸ்டார் தொங்கவிட்ட அன்றே தெருவில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முறுக்கு, அதிரசம், கல்கல், கேக் என்று தட்டுத் தட்டாக வீட்டுக்கு வரும். என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். ஆகாது என்றால் தொண்டை கரகரக்கும், சளி பிடிக்கும் என்கிற ஆகாது இல்லை. தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும்.

இதை விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மல்லாட்டை போட்டுப் பிழைக்கிற சனம். "மல்லாட்டை துன்னு யாராவது செத்திருக்காங்களா? நாங்கள்லாம் அத துன்னுதான வளந்தோம்" என்று வாய்விட்டுச் சிரிப்பார்கள். என் கணவர் வீட்டில் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வளவனூர் பக்கத்தில் சொந்த நிலம். விளைகிற பொருளையே விஷம் என்று மருமகள் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

எங்களுடையது காதல் கல்யாணம். நான் திண்டிவனத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண், அவர் இந்து. பொங்கல் அவர்கள் வீட்டில், கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில் என்று சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம். மகள் நடக்கப் பழகிய வயதில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்துவிட்டு நீலம் பாரித்துப் போனாள். பிழைத்ததே கர்த்தர் புண்ணியம். அன்றைக்கு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். இனிமேல் ஒரு துளிகூடக் கூடாது. மீறி உள்ளே போய்விட்டால் யோசிக்காமல் தொடையில் ஊசி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும். ஊசி போட எனக்குச் சொல்லியும் கொடுத்தார். மருந்தும் ஊசியும் இருக்கிற சின்ன டப்பா அன்றிலிருந்து என் கைப்பையில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மல்லாட்டை எண்ணெய் டின்னைத் தூக்கி வெளியே வைத்தது அவர்தான். அலமாரியைச் சோப்புப் போட்டுக் கழுவியதும் அவர்தான். என்னை நான் நம்பியதைவிட அந்த மனுஷனை நம்பினேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் நான் பேயாகிவிடுவேன். வருகிற தட்டை வாங்கி, சிரித்து, நன்றி சொல்லி, மூடி திறக்காமல் பீரோ மேலே வைத்துவிடுவேன். மறுநாள் அது யாருக்காவது போய்விடும். கேரல் பாடிக்கொண்டு வந்த கூட்டத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஒரு வருஷம் என் மகள் கையில் கடலை மிட்டாயை வைத்துவிட்டார். நான் பாய்ந்து பிடுங்கிய வேகத்தில் தாத்தாவின் தாடி என் கையோடு வந்துவிட்டது. கிதார் நின்றுபோனது. "ஒரே புள்ளன்னு இப்படியா பொத்திப் பொத்தி வளப்பாங்க, பேஜாரு புடிச்ச பொம்பள" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பேஜாரு பிடித்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று கதவைச் சாத்தினேன்.

தெருவிலேயே என்னை நம்பிய ஒரே ஆள் எதிர்வீட்டு அக்கா. கிறிஸ்துமஸுக்குக் கேக் சுட்டு விற்பார். மற்றவர்களுக்கு மாவு கலப்பதற்கு முன்னால் பாத்திரத்தை வெந்நீரில் கழுவி, முந்திரிகூடப் போடாமல், என் மகளுக்கு மட்டும் முதல் கேக்கைத் தனியாகச் சுடுவார். "வந்து கண்ணால பாத்துட்டுப் போம்மா, அப்பதான் எனக்கும் நிம்மதி" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைப்பார். வெளியிலிருந்து வந்து என் மகள் வாய்க்குப் போன ஒரே பண்டம் அதுதான்.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ், சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. என் கணவருக்குச் சனிக்கிழமை லீவு. மகளை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வளவனூர்ப் பக்கம் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். நாத்தனார் எங்கள் கட்டுப்பாட்டையெல்லாம் ஏற்றுக்கொண்டுவிட்டார், பிள்ளைக்குத் தனிச்சட்டியில் சமைக்கிறார் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு நாத்தனார் அமையும் என்று பள்ளியில் பெருமை அடித்துக்கொண்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அந்த நாத்தனார் பஸ் பிடித்து வந்தார். வாசலில் கால் வைத்ததுமே நான் பல்லை இளித்துக்கொண்டு கேட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி, பையில ஏதாவது..."

"ஐயய்ய, உன் வூட்டுக்கு நான் மல்லாட்டை எடுத்துக்கினு வருவனா? பூவும் பழமும்தான் கீது" என்றார்.

கிறிஸ்துமஸும் அதுவுமாகப் பெரியவரின் பையைப் பிரித்துப் பார்க்கவா முடியும்? விட்டுவிட்டேன்.

பிரியாணி சாப்பிட்டு முடிந்ததும், மாடியில் கட்டியிருந்த ஸ்டார் எரியவில்லை, பார்த்துவிட்டு வருகிறோம் என்று என் கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். இறங்கி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் ஒரு கள்ளச் சிரிப்பு. எனக்குத் தெரியாமல் ஏதோ கிஃப்ட் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மகள் தெருப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்றாள். கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். உதடு தடித்திருந்தது. "அம்மா" என்றாள், அது அவள் குரலாகவே இல்லை.

"இன்னா துன்ன? சொல்லு பாப்பா, இன்னா துன்ன?"

வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். ஒன்றும் இல்லையாம். மூச்சு விசில் மாதிரி இழுக்கிறது, கண் செருகுகிறது, அப்போதும் தலையை ஆட்டுகிறாள். நான் டப்பாவைத் திறந்துகொண்டே அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னங்க, என்ன சாப்ட்டா இவ?"

"காலைல எதிர்வூட்டு அக்கா சுட்ட கேக்குதான் துன்னா. அதுலதான் ஏதாவது கலந்துட்டிருக்கும்" என்றார்.

பாவாடைக்கு மேலேயே ஊசியைக் குத்தினேன். அவர் ஆட்டோவுக்கு ஓடினார். நாத்தனார் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா மாவுக் கையோடு ஓடிவந்தார். "இன்னா ஆச்சு புள்ளைக்கு?" என்று குனிந்தவரை நான் பிடித்துத் தள்ளினேன். "உன்ன நம்பினதுக்கு என் புள்ளையக் கொன்னுட்டியேக்கா!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். ஆட்டோவோடு வந்து நின்ற அவர் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஜல்தி ஏறு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டபோதும் கேக் என்றுதான் சொன்னேன். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். மூச்சு சீராக வந்தபிறகும், மறுபடி தொண்டை அடைக்கலாம், இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் படுக்கை கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்து மகள் கண் விழித்தாள். வீக்கம் வடிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அம்மா, நான் தோத்துட்டனா?"

"எதுலடா கண்ணு?"

"சர்ப்ரைஸ்ல."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சனிக்கிழமை தோறும் அத்தை வீட்டில் மல்லாட்டைத் தூள் கொடுப்பார்களாம். முதலில் வெல்லத்தில் ஒட்டி ஒரு சிட்டிகை. அப்புறம் பாதிப் பருப்பு, அப்புறம் முழுசு. அத்தை கொடுப்பாராம், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்ப்பாராம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு முழு மல்லாட்டை உருண்டையைத் தின்று காட்ட வேண்டும், அதுதான் அம்மாவுக்குக் கிஃப்ட். அதுவரைக்கும் அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது. அத்தை பையில் கொண்டுவந்த உருண்டையை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தின்றிருக்கிறாள். சாயங்காலம் எல்லார் முன்னாலும் எனக்குச் சொல்வதாகத் திட்டமாம்.

காபி ஃபிளாஸ்க்கோடு அவர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

"ஆறு மாசமா குடுத்துக்கினு இருந்தோம், ஒன்னும் ஆகல தெரியுமா? நேத்துதான் எப்படியோ இப்படி ஆயிடுச்சு. ஃபாரின்ல டாக்டருங்களே இப்படித்தான் பழக்குறாங்க, நான் வீடியோல பாத்தேன்."

"டாக்டருங்க ஆஸ்பத்திரில வெச்சுப் பண்றாங்க. நீங்க தண்ணித் தொட்டிக்குப் பின்னால பண்ணீங்க."

"உன் பயத்தப் போக்கத்தாம்மா. நீ எத்தினி வருஷமா தூங்காம இருக்க! நல்லதுக்குத்தான பண்ணேன்?"

நல்லதுக்குத்தான். அதை நான் நம்பவும் செய்தேன், அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. கெடுதல் செய்ய வந்தவனாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். சரி, செய்தது செய்தார். பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போதாவது உண்மையைச் சொல்லக்கூடாதா? நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன், கேக் என்கிறார். டாக்டர் கேட்கிறார், தலையாட்டுகிறார். இதைக் கேட்டபோது, "அந்த நேரத்துல சொன்னா நீ என்னயே கொன்னிருப்ப" என்றார். ஆக, பிள்ளை உயிருக்கு முன்னால் என் கோபத்துக்குப் பயந்திருக்கிறார். "வெளிய போங்க" என்றேன். போனார், ஃபிளாஸ்க்கை மட்டும் வைத்துவிட்டு.

வீட்டுக்கு வந்ததும் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தார். புதுவருஷத்துக்கு ஆர்டர் வாங்கியிருந்த கேக், மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் குப்பைக்கு வைத்திருந்தார். எதில் மல்லாட்டை கலந்தது என்று தெரியவில்லையாம், இனிமேல் கேக்கே சுடப்போவதில்லையாம். நான் உண்மையைச் சொல்லி அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. என்னைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நேத்து உன் வூட்டுக்காரரு துணி எடுக்க வந்தப்ப இங்க வந்தாரும்மா. 'தெரியாமத்தானே பண்ணீங்க, மனசுல வெச்சுக்காதீங்கக்கா, நாங்க உங்கள மன்னிச்சிட்டோம்'னு சொன்னாரு. நான் அவரக் கையெடுத்துக் கும்புட்டேன்."

இப்படிப்பட்ட ஆளோடு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

அவர் பிறகு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். மகள் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தார். நாத்தனார் வருவதில்லை, நாங்களும் போவதில்லை. சனிக்கிழமைகளில் மகளைத் திண்டிவனத்துக்கு என்னோடு அழைத்துப் போய்விடுகிறேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமைக்கிறேன், சாப்பிடுகிறார். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் அடுப்பை அணைத்துவிட்டு நானும் பின்னாலேயே ஏறுகிறேன்.

போன வாரம் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். மகள் செருப்பு மாட்டிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள். நான் சீப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். காலரை விலக்கிப் பார்த்தால் கொசு கடித்த தடிப்பு, ஒன்றே ஒன்று. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"பாப்பா, காலைல இன்னா சாப்ட்ட?"

அவள் குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே அவர் குளிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பாவக் கேட்டுட்டு சொல்லட்டாம்மா?"

அவள் தின்றது ஒரு தோசை. நான்தான் ஊட்டிவிட்டிருந்தேன்.