நெரிடாவுக்கு இரும்பு ஏற்றிய நாள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பால் பண்ணைகள் நிறைந்த எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கம் வாயுள்ள பிள்ளைக்குப் புலம்பல் பேர்வழி என்று பெயர். நெரிடா கில்மார்ட்டின் அந்தப் பெயரை எடுக்காமல் நாற்பத்தெட்டு வயதுவரை வந்துவிட்டாள். புருஷன் குவீன்ஸ்லாந்துக்கு மீன் பிடிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டபோதுகூட, அங்கே வெயில் நன்றாக இருக்கிறதாம் என்றுதான் கடைத்தெருவில் சொன்னாள்.

அவளிடம் நூற்றுச் சொச்சம் ஜெர்சிப் பசுக்கள் இருந்தன. ஒன்று தலையைத் தொங்கப் போட்டால் போதும், அன்றைக்கே கால்நடை மருத்துவர் பிப்பாவுக்குப் போன் போகும். அவளுக்கே தலை தொங்கியபோது யாருக்கும் போன் போகவில்லை. மாதவிலக்கு ஒரு வருடமாகத் தறிகெட்டு வந்துகொண்டிருந்தது. மேட்டில் பத்தடி ஏறினால் மூச்சு வாங்கியது. பால் கறக்கும்போது வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தூங்கினாள். வயதாகிவிட்டது, இனி மாடு கட்டி மேய்க்க ஆகாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

ஒருநாள், ஊருக்கு மறுபக்கம் பண்ணை வைத்திருந்த டெஸ் ஹானிகனிடம் வேலிக் கதவருகே நின்று மந்தையை வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டாள். டெஸ் காரணம் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் பத்திரம் கிடையாது.

விற்பதற்கு முன் மாடுகளுக்குச் சினை பார்க்கப் பிப்பா வந்தாள். நெரிடா வாளிமேல் உட்கார்ந்து குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் குறைந்தவர்கள்தான் அப்படி ஐஸ் தின்பார்கள் என்று பிப்பாவுக்குத் தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே காகிதம்போல் வெளுத்திருந்தது.

"நீ மட்டும் மாடா இருந்திருந்தா, போன வருஷமே உன்னைக் காப்பாத்தியிருப்பேன்," என்றாள்.

பிப்பா அனுப்பிவைத்த ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் இரும்புச் சத்து வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. ரத்தப்போக்குக்கு ஒரு மருந்தும் இரும்புக்கு மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை வயிற்றை அடைத்துவிட்டது. கடைசியில் நரம்பு வழியாகவே ஏற்றிவிடலாம் என்றார். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சில வாரத்தில் பழைய ஆளாகிவிடுவாய் என்றும் சொன்னார். டெஸ்ஸிடம் சொல்லி வியாபாரத்தை நிறுத்து என்று பிப்பா மன்றாடினாள். கை குலுக்கியாகிவிட்டது என்று நெரிடா பேச்சை முடித்துவிட்டாள்.

மாடுகளை ஏற்ற லாரி வரும் நாளிலேயே அவளுக்கு இரும்பு ஏற்றும் நேரமும் கிடைத்தது. பார்க்காமல் இருக்க நல்ல சாக்கு என்று அவளுக்கு நிம்மதிதான். கிளினிக்கில் சாய்வு நாற்காலி ஜன்னலோரம், தெருவைப் பார்த்த மாதிரி இருந்தது. தேயிலைச் சாயம்போன்ற மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கையை அசைக்காதே, மருந்து தோலுக்கடியில் கசிந்தால் கறை போகாது என்று நர்ஸ் ரெண்டு தடவை சொல்லியிருந்தாள்.

லாரி அந்தத் தெரு வழியாகத்தான் வந்தது. பலகை இடுக்குகளில் பழுப்பு மூக்குகள் தெரிந்தன. டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான். எங்கள் ஊரில் விரல் தூக்கியவனுக்குப் பதில் விரல் தூக்காவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்கும். நெரிடா விரலோடு நிற்காமல் முழங்கையை மடக்கிக் கையையே தூக்கிவிட்டாள். சுருக்கென்றது. நர்ஸ் ஓடிவந்து சொட்டை நிறுத்தி, மீதியை மறு கையில் ஏற்றினாள். இடது முழங்கை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை தங்கிவிட்டது.

டாக்டர் சொன்னபடியே உடம்பு திரும்பியது. ஒரு விடியலில் அலாரத்துக்கு முன்பே விழிப்புத் தட்டியது. மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறினாள். ஏறி என்ன, கீழே கொட்டகை காலியாகக் கிடந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஏற்கெனவே கழுவியிருந்த தரையை இன்னொரு தரம் கழுவிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு டெஸ்ஸின் கொட்டகைக்குப் போனாள்.

டெஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன, திருப்பிக் கேக்க வந்தியா?"

"இல்ல. கை குடுத்தாச்சு. காலையில கறக்க ஆள் வேணுமான்னு கேக்க வந்தேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே தினம் வந்து கறந்து குடுத்திருப்பேனே, நெரிடா."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

டெஸ் ஆணியில் தொங்கிய ரப்பர் மேலங்கியை எடுத்து நீட்டினான். நெரிடா அதை மாட்டிக்கொண்டு, தான் பேர் வைத்து வளர்த்த மாடுகளுக்கு நடுவே இறங்கினாள். கறவை இயந்திரம் போட்ட சத்தத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது. டெஸ்ஸுக்குக் கேட்டது. அவன் வெளியே போய், ஏற்கெனவே சாத்தியிருந்த வேலிக் கதவை மறுபடி சாத்திக்கொண்டிருந்தான்.