திரையில் கிடந்தவருக்குச் சொன்ன செபம்

என் மனைவியின் தமையன் செத்துக் கிடந்ததை நான் பள்ளிமுனைப் பங்கு மண்டபத்தில் ஊரோடு சேர்ந்து பார்த்தேன். அவர் அப்போது எனக்கு முன் வரிசையில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

படத்தை எடுத்தவள் எங்கள் வட்டாரத்துப் பெண். கொழும்பில் படித்து, அங்கே விளம்பரப் படங்களில் வேலை செய்து, கடைசியில் சொந்தமாக ஒரு படம் எடுக்க ஊருக்கு வந்தாள். ஐரோப்பாவில் ஒரு விழாவில் அதைக் காட்டியபோது பாதிப்பேர் எழுந்து நின்று கைதட்டினார்களாம். மீதிப்பேர் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்களாம். இரண்டையும் அவள் ஒரே பெருமையோடு சொன்னாள்.

கதையைச் செய்தியாக எழுதினால் நான்கு வரிக்கு மேல் வராது. ஒரு மீனவர் வீட்டில் இறந்துபோகிறார். மனைவி அதை யாருக்கும் சொல்லவில்லை. உடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சமைக்கிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். பிறகு சவப்பெட்டியைத் தனியே கடலுக்கு இழுத்துப்போய் விட்டுவிட்டுத் திரும்பிவந்து கால் கழுவுகிறாள். அவ்வளவுதான். பாட்டு இல்லை, நிறம் இல்லை. பேச்சும் அநேகமாக இல்லை. மனைவியாக நடித்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாடக நடிகை. இறந்தவராக நடித்தவர் மச்சான், அதாவது என் மனைவியின் தமையன்.

மச்சானைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் இருந்தது. இளமையில் சங்கு குளித்தவர், மூச்சடக்கத் தெரிந்தவர். கமரா முகத்துக்குக் கிட்ட நின்றாலும் அவருடைய நெஞ்சு அசையாது. அவர் ஒப்புக்கொண்டதற்கும் காரணம் இருந்தது: பாடமாக்க வசனம் எதுவும் இல்லை.

மண்டபம் நிறைந்துவிட்டது. கோயிலில் இருப்பதுபோல ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள். தொடக்கத்தில் நல்ல கலகலப்பு. படத்துக்காகப் பல வீடுகள் சாமான் இரவல் கொடுத்திருந்தன.

"அது எங்கடை கதிரை."

"சத்தம் போடாதை. அலுமாரி எங்கடை. உன்ரை கதிரையைப் பற்றி நாங்கள் கதைச்சமே?"

பிறகு உடல் வந்தது. திரை முழுக்க மச்சான், தலை முதல் பாதம் வரை. கண் மூடி, வாய் சற்றே திறந்து, உதட்டில் ஓர் ஈ. பின்னால் அந்த நடிகை நண்டு உடைத்துத் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. கமரா அசையவில்லை. ஒரு கழுதை வாசலால் உள்ளே வந்து, அவருடைய பாதத்தை மணந்து பார்த்துவிட்டுப் போனது. அப்போதும் கமரா அசையவில்லை. மண்டபத்தில் யாரோ இருமியது நின்றுபோனது. தலைமாட்டில் மெழுகுதிரி இல்லை, காலடியில் ஆள் இல்லை, கோயில் மணி அடிக்கவில்லை, யாருக்கும் அறிவிக்கவில்லை. வெள்ளைக்காரர் எந்த இடத்தில் எழுந்து போனார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களுக்கு இதுதான் பொறுக்க முடியாத இடம். எங்களூரில் ஒரு உடல் கண்முன்னே கிடந்தால் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. யாராவது செபத்தைத் தொடங்கவேண்டும்.

தொடங்கியவர் ஒவ்வொரு செத்தவீட்டிலும் செபம் முன்னெடுக்கும் அக்கா. கதிரையிலிருந்து எழுந்து, திரையைப் பார்த்துக் கைகூப்பி, இறந்தவருக்கான செபத்தை உரத்துச் சொன்னார். வழக்கப்படி இறந்தவரின் ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். பெண்கள் பக்கம் எழுந்தது. ஆண்கள் பக்கமும் எழுந்தது. மண்டபம் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. எனக்கு முன்னால் மச்சானும் எழுந்து, கச்சான் கோதுகள் மடியிலிருந்து கொட்ட, கைகூப்பித் தன் ஆன்மா இளைப்பாறவேண்டும் என்று கணீரென்று பதில் சொன்னார். ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து ஆளிடம் திரும்பி, "என்ரை பேரையோ சொன்னவ?" என்று கேட்டார்.

படத்தை எடுத்தவள் பின் சுவரோடு ஒட்டிநின்று இதைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அங்கிள், எந்த நாட்டிலையும் இப்பிடி நடக்கேல்லை," என்றாள். அவள் சந்தோசத்தில் இருந்தாள்.

படம் முடிந்ததும் முற்றத்தில் சண்டை தொடங்கியது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "இது தனிமையைப் பற்றின படம். ஆழமாப் பாக்கவேணும்," என்றார்.

"தனிமையோ, சேர்? பள்ளிமுனையிலை ஆர் தனிய இருக்கிறது? பகலிலை கதவைச் சாத்தினால் நாலுபேர் வந்து ஏன் சாத்தினனீ எண்டு கேப்பினம். மூண்டு நாள் பிணம் கிடக்குது, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பாக்கேல்லையாம்! பொய்ப் படம்."

"அது குறியீடு."

"கழுதையும் குறியீடோ?"

"கழுதைதான் முக்கியமான குறியீடு," என்றார் ஆசிரியர்.

"அப்ப நேற்று என்ரை வேலியைத் திண்டதும் குறியீடுதான். வந்து கட்டித்தாங்கோ."

இளம் பெடியள் படத்தின் பக்கம் நின்றார்கள். சொல்லாமல் விட்ட சாவுகளைப் பற்றிய படம் என்றார்கள். செபம் சொன்ன அக்கா, இப்படியொரு பெண் உலகத்திலேயே இல்லை, இது கடவுளைப் பழிக்கிற தேவதூசணம் என்றார். மச்சாள், அதாவது மச்சானின் உண்மையான மனைவி, நண்டு விடயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "புருசன் செத்தால் அழுகை வராமல் விடலாம், அது ஆளைப் பொறுத்தது. நண்டுக் கறிக்கு மிளகு போடாமல் விடுறதோ?"

ஒரு பெண் மட்டும் யாரோடும் வாதாடவில்லை. யுத்த காலத்தில் கடலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பவில்லை. செருப்பைத் தேடிக் காலில் போட்டுக்கொண்டு, "அவளுக்குப் பக்கத்திலை வைச்சிருக்க ஒரு உடம்பெண்டாலும் கிடைச்சுது. நல்ல படம்," என்று சொல்லிவிட்டுப் போனார். பெடியள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பிறகு வேலிக்காரர் கழுதையை மறுபடி எடுத்தார்.

யாரோ திரையில் கிடந்த முகத்தையும் எழுந்து நின்று செபிக்கும் சனத்தையும் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் காலையிலேயே கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. போனை எடுத்தவர் மச்சான்.

"எப்ப அடக்கம்?" என்று கேட்டது கனடா.

"ஆற்றை அடக்கம்?"

மச்சான் தன் பெயரைக் காதால் கேட்டார். "அதுக்கு இன்னும் நாள் குறிக்கேல்லை," என்று சொல்லிவிட்டு வைத்தார். அதுவரைக்கும் அவருக்கும் இது பகிடிதான். தொழிலுக்குப் போகக் கரைக்கு இறங்கியபோதுதான் விடயம் வேறாக இருந்தது.

அவருடைய வள்ளத்தில் இரண்டுபேர் நெடுங்காலமாக வேலை செய்கிறார்கள். இருவரும் வள்ளத்தில் ஏறாமல் மணலில் நின்றார்கள். மூத்தவர் பேசினார்.

"அண்ணை, படத்திலை நீங்கள் செத்தது எங்களுக்குப் பிரச்சினை இல்லை."

"பிறகென்ன?"

"செபம் சொல்லியாச்செல்லோ."

"அது படத்துக்குச் சொன்னதடாப்பா."

"படத்துக்கு ஆத்துமா இருக்கே? உங்களுக்குத்தான் சொன்னது. உங்கடை ஞானஸ்நானப் பேரைச் சொல்லி. நீங்களும் எழும்பி நிண்டு பதில் சொன்னியள். நான் பாத்தனான்."

இளையவர் மெதுவாகச் சொன்னார்: "அடக்கச் செபம் முடிஞ்ச ஆளோடை கடலுக்குப் போறது எப்பிடி, அண்ணை? நாங்களும் பிள்ளைகுட்டிக்காரர்."

நண்டுக் காலம் தொடங்கியிருந்தது. முந்தின நாள் விட்ட வலை கடலில் கிடந்தது. எடுக்காமல் விட்டால் நண்டு செத்து நாறும், வலையும் பிய்ந்துபோகும். மச்சான் கரையிலிருந்த மற்றவர்களைக் கேட்டார். ஒருவருக்குத் தலையிடி. இன்னொருவருடைய மகளுக்குக் கோயிலில் முதல் நன்மை வருகிறது, அதுவும் அடுத்த மாதம். ஒருவர் மட்டும் நேராகச் சொன்னார்: "மச்சான், நீ நல்லாத்தான் இருக்கிறாய். எண்டாலும் இப்ப வேண்டாம்." கடைசியில் வேறொரு வள்ளக்காரர் போய் வலையை எடுத்துக்கொடுத்தார். ஆனால் மச்சானை ஏற்றிக்கொள்ளவில்லை. மச்சான் தன்னுடைய நண்டைக் கரையில் நின்று வாங்கினார்.

நாங்கள் பங்குத்தந்தையிடம் போனோம். இளம் குருவானவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"செபத்தைத் திருப்பி எடுக்கிற முறை திருச்சபையிலை இல்லை."

"அப்ப எனக்குச் சொன்னது எங்கை போகும், ஃபாதர்?"

"உங்களுக்கு இப்ப தேவையில்லை எண்டால், உத்தரிக்கிற ஸ்தலத்திலை மோட்சத்துக்குக் காத்திருக்கிற, தேவையான ஒரு ஆன்மாவுக்குப் போகும். வீணாகாது."

மச்சான் சற்று யோசித்தார். "என்ரை பேர் போட்டதை வேறை ஆரும் எடுப்பினமோ?"

வேண்டுமானால் வள்ளத்தை ஆசீர்வதித்துத் தரலாம் என்றார் ஃபாதர். இதைப் போய்ச் சொன்னதும் மூத்த தொழிலாளி, "வள்ளத்துக்கு ஒண்டும் நடக்கேல்லையே," என்றார். செபம் சொன்ன அக்காவைக் கேட்டோம். சொன்னது சொன்னதுதான், கிடந்த கிடையைப் பார்த்தால் யாரும் சொல்லியிருப்பார்கள், தன்மேல் பிழையில்லை என்றார்.

மிஞ்சியவள் படத்தை எடுத்தவள். மச்சான், மச்சாள், நான் மூவரும் அவளுடைய வீட்டுக்குப் போனோம்.

"தங்கச்சி, கடைசியிலை நான் எழும்பிற மாதிரி ஒரு துண்டு போடு. அவ்வளவு போதும்," என்றார் மச்சான்.

அவள் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். "அண்ணை, நீங்கள் எழும்பினால் அந்தப் படமே இல்லை."

"நான் எழும்பாட்டி என்ரை தொழிலே இல்லை."

"வெளிநாட்டிலை காட்டின படம். அதிலை கை வைக்கேலாது, அண்ணை. அந்த மனுசி கால் கழுவிறதோடை முடியவேணும். அதுக்குப் பிறகு ஒண்டும் வரக்கூடாது."

"அவள் காலைக் கழுவட்டும். வடிவாக் கழுவட்டும். நான் பின்னாலை ஒரு மூலையிலை எழும்பி இருக்கிறன்."

அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. மச்சானுக்கும் அப்படித்தான். ஊர் படத்தைப் பிழை என்று சொன்னதை அவள் தாங்கிக்கொண்டாள். படத்தில் நடித்தவர் வந்து பிணத்தை எழுப்பச் சொல்வதைத் தாங்க முடியவில்லை. அப்போது மச்சாள்தான் கேட்டார்:

"பிள்ளை, படம் எடுத்த அண்டைக்கு இவர் பெட்டிக்குள்ளாலை எழும்பேக்கை கமரா ஓடினதோ?"

"ஓடினது. அது படத்துக்கு இல்லை, வெட்டிப்போட்டன்."

"வெட்டினதை எறிஞ்சுபோட்டியோ?"

அவள் எறியவில்லை. படத்தோடு சேர்க்கமாட்டேன், படம் என்று சொல்லவும்மாட்டேன், தனியே காட்டுவதென்றால் காட்டலாம் என்றாள். அந்த நிபந்தனையை ஃபாதர் ஞாயிறு பூசையில் அப்படியே வாசித்தார்: "இது படம் அல்ல."

பூசை முடிந்ததும் மண்டபத்தில் கூடிய சனம் முதல்நாளைவிட அதிகம். யன்னல்களைத் துணியால் மறைத்திருந்தார்கள். தொழிலாளர் இருவரும் பின்னால் நின்றார்கள். இருக்கச் சொன்னதற்கு, நின்றே பார்க்கிறோம் என்றார்கள்.

இந்தத் துண்டு நிறத்தில் இருந்தது. பெட்டிக்குள் அதே கிடை, அதே ஈ. திரைக்கு வெளியே அவளுடைய குரல், "கட்," என்றது. மச்சான் எழும்பவில்லை. "அண்ணை, முடிஞ்சுது," என்றது குரல். அசைவில்லை. "அண்ணை?" மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. செபம் சொல்லும் அக்காவின் கை செபமாலையைத் தேடுவதைக் கண்டேன். மச்சாள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்கோ, அக்கா."

அப்போது திரையில் மச்சான் குறட்டை விட்டார்.

யாரோ தோளை உலுப்பினார்கள். மச்சான் விழித்தார். ஒரு கணம் எங்கே கிடக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. சட்டென எழும்பி உட்கார்ந்து முதுகைச் சொறிந்தபடி, பெட்டியை எறும்போடு கொண்டுவந்தவன், அதைச் செய்த தச்சன், கமராவைப் பிடித்திருந்தவன், அவனுடைய பூட்டன் என்று வரிசையாக ஏசத் தொடங்கினார். ஃபாதர் காதைத் தடவினார். ஏசிக்கொண்டே ஒரு காலை வெளியே வைக்க, பெட்டி சரிந்து, ஆளும் பெட்டியுமாக மணலில் விழுந்தார். அங்கிருந்தும் ஏச்சு நிற்கவில்லை.

மண்டபம் சிரித்த சிரிப்பில் மிச்ச வசனங்கள் கேட்கவில்லை. பின்னாலிருந்து மூத்த தொழிலாளியின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"எங்கடை ஆள்தான். இஞ்சின் நிண்டால் கடலிலையும் இப்பிடித்தான். அந்தப் பூட்டன் ஏச்சை நான் எத்தினை தரம் கேட்டிருக்கிறன்!"

"செத்த ஆள் உப்பிடி ஏசாது," என்றார் இளையவர்.

இந்தத் துண்டிலும் கருத்து வேறுபாடு இருந்தது. முன்னர் படத்தைப் பொய் என்றவர்கள் இதுதான் உண்மையான படம் என்றார்கள். ஆசிரியர், இது கலையைக் கெடுத்துவிட்டது என்றார். பெடியள் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கத்தினார்கள். வங்காலையிலிருந்து வந்திருந்த ஒருவர் தங்கள் ஊரிலும் காட்ட வேண்டும் என்று அவளைக் கேட்டார். எதை என்று அவள் கேட்டாள். "விழுகிறதைத்தான் முக்கியமாய். மற்றதையும் கொண்டுவாங்கோ, பறவாயில்லை," என்றார் அவர். அவள் மடிகணினியை மூடிவிட்டு, வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் போனாள்.

மறுநாள் தொழிலாளர் இருவரும் கரைக்கு வந்தார்கள். ஒன்றும் நடக்காததுபோல வலையை ஏற்றினார்கள். மச்சான், வலை பிழையாக அடுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். வள்ளம் தண்ணீரில் இறங்கியபோது அது ஏச்சாக மாறியிருந்தது. இஞ்சின் சத்தத்துக்கு மேலாகவும் கேட்டது.

மச்சாள் கரைக்கு வருகிற ஆள் இல்லை. அன்று வந்திருந்தார். வீட்டுக்குப் போவோம் என்று என் மனைவி இரண்டு தரம் கூப்பிட்டும் அவர் அசையவில்லை. வள்ளம் சிறிதாகி, அந்தக் குரல் முழுதாகக் கேட்காமல் போகும்வரை நின்றுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"எறிக்கிற வெய்யில்," என்றார். வானம் முகில் மூடிக் கிடந்தது.