ஜப்பான் சாமி பாட்டு

செப்டம்பர் 28, ஞாயிறு. மைசூரில் தசரா நடைபெறுகிறது. இரவு பெய்த மழை விடியலில் நின்றது. வீட்டில் இவ்வாண்டு கொலு இல்லை. கொலு வைப்பவர் மாசி மாதம் காலமானார். பொம்மைப் பெட்டிகள் பரணில் உள்ளன. காலை பத்து மணியளவில் கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது: 'இலையுதிர் கால மனநிலைக்கு ஏற்ற ஜப்பானிய இசைக்குழுப் பாடல்கள்.' பெறுநர்: பத்மா. கைப்பேசி அவருடையது.

குறிப்பு இத்துடன் முடிகிறது. இனி வருவது என் புலம்பல். வேலை இருப்பவர்கள் எழுந்து போகலாம்.

என் மனைவியின் இறப்பைப் பற்றி வங்கிக்கும், எரிவாயு முகவருக்கும், ஓய்வூதிய அலுவலகத்துக்கும் முறையாக எழுதித் தெரிவித்தாயிற்று. அவர்களும் முறையாக, மூன்று முறை சந்தேகித்த பிறகு, நம்பினார்கள். இந்தப் பாட்டுச் செயலிக்கு மட்டும் எந்தச் சன்னலில் மனுக் கொடுப்பதென்று தெரியவில்லை. அவள் எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அவள் மனநிலையையும் அதுவே தீர்மானித்து வைத்திருக்கிறது. அவள் இல்லை என்ற சிறு விவரம்தான் எட்டவில்லை.

மேலும், மைசூரில் ஏது இலையுதிர் காலம்? நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்தவன். தசரா சமயத்தில் இங்கே மரங்கள் மழையில் ஊறிக் கரும்பச்சையாக நிற்கும். எங்கள் அக்ரஹாரத் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் மாசியில்தான் இலையைக் கொட்டும். இதை நான் ஆண்டுதோறும் பத்மாவிடம் விளக்கி வந்தேன். அவளும் ஆண்டுதோறும் ஒரே பதிலைச் சொல்லிவந்தாள்: "உங்க மரத்துக்கு எப்போ கொட்டணும்னு தெரியலேன்னா அதுக்கு நான் என்னங்க பண்றது?"

இதை எழுதும்போது பக்கத்து வீட்டிலிருந்து பெருங்காயம் தாளிக்கும் வாசனை வருகிறது. கௌரம்மா வீட்டுச் சுண்டல். இந்த வாசனைக்கும் ஜப்பானுக்கும் தொடர்பு இருப்பதாக உலகில் நினைப்பவன் நான் ஒருவனாகத்தான் இருக்க முடியும்.

பல ஆண்டுகளுக்கு முன், எனக்குக் கல்லூரியில் வேலை புதிதாக உறுதியாகியிருந்த சமயம். மாடிப் பகுதியை ஒகாடா என்ற ஜப்பானியப் பொறியாளருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களை நிறுவ வந்தவர். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் குனிந்து வணங்குவார், நானும் குனிவேன், யார் முதலில் நிமிர்வது என்பதில் இருவருக்கும் தெளிவில்லாததால் பலமுறை கல்லூரிக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

நவராத்திரியில் பத்மா அவரைக் கொலுவுக்கு அழைத்தாள். கொலு பார்க்க வருபவர் ஒரு பாட்டுப் பாடாமல் சுண்டல் வாங்க முடியாது என்பது எங்கள் தெருச் சட்டம். ஆண்களுக்கு விலக்கு உண்டு: தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னால் போதும். நான் அந்த விலக்கை நாற்பது நவராத்திரிகளாக அனுபவித்தவன். ஒகாடாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கௌரம்மா ஜமக்காளத்தைக் காட்டி, பாடுங்கள் என்று சைகை செய்தாள். அவர் மண்டியிட்டு அமர்ந்தார். கண்களை மூடினார். பாடினார்.

மெதுவான பாட்டு. ஓர் இடத்தில் ஏறி, அங்கேயே சற்று நின்று, மனமில்லாமல் இறங்கும். கூடத்தில் வளையல் சத்தம் நின்றது. கௌரம்மா கை கூப்பினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். பாட்டு முடிந்ததும், எந்தச் சாமி மேல் என்று கேட்டாள். ஒகாடாவுக்குக் கேள்வி புரியவில்லை. பணிவாகத் தலை தாழ்த்தினார். அதுவே பதிலாக ஏற்கப்பட்டது. கற்பூரம் ஏற்றி ஆரத்தி எடுத்தார்கள். பாடியவருக்கு உரிய தாம்பூலம், மஞ்சள், ரவிக்கைத் துணி அனைத்தும் அவருக்கு வழங்கப்பட்டன.

மறுநாள் அந்த ரவிக்கைத் துணியிலேயே சுற்றி ஓர் ஒலிநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். மாணவப் பருவத்தில் அவர் கேட்ட இசைக்குழுவாம். இலை சிவக்கும் நாட்களில் அவர் ஊரில் எல்லோரும் கேட்பார்களாம். பாட்டின் பொருளை அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். ஒருவன் ரயில் நிலையத்துக்குப் போகிறான், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புகிறான், குளிர் அடிக்கிறது. சாமி எங்குமில்லை.

"தெருவுல சொல்லிடாதீங்க," என்றாள் பத்மா. "ஆரத்தியெல்லாம் எடுத்தாச்சு."

சொல்லவில்லை. ஒகாடா ஊர் திரும்பினார். சில மழைக்காலங்களில் நாடாவில் பூஞ்சை படர்ந்தது. மிச்சத்தைக் கருவி விழுங்கியது. அதற்குள் பத்மாவுக்கு அந்தப் பாட்டு ஒரு சொல்லும் புரியாமல் மனப்பாடமாகியிருந்தது. ஆண்டுதோறும் கொலுவில் கௌரம்மா கேட்பாள்: "அந்த ஜப்பான் சாமி பாட்டு ஆகட்டும்." ரயில் நிலையத்திலிருந்து சொல்லாமல் திரும்பிய ஒருவனுடைய குளிரை, பத்மா முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் பாடுவாள். பெண்கள் கை கூப்புவார்கள். நான் வாசல் பக்கம் தொண்டை கட்டியவனாக நிற்பேன். எங்கள் தெருவின் மிக வெற்றிகரமான பக்தி இயக்கம் அது.

இன்று காலை அந்த அறிவிப்பைத் திறந்து, பாடல்கள் அனைத்தையும் கேட்டேன். முதல் பாட்டில் ஓர் இளைஞன் கிடாரோடு வருந்தினான். இரண்டாவதில் அதே வருத்தம், முரசு அதிகம். மூன்றாவதில் வருத்தம் குறைவு; முடி அதிகம் என்பது படத்தில் தெரிந்தது. எல்லாம் மனநிலைக்கு ஏற்றவை. நான் தேடிய பாட்டு இல்லை. அதன் பெயரோ, குழுவின் பெயரோ எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

பெங்களூரில் இருக்கும் மகள் நித்யாவை அழைத்தேன். போன வருஷக் கொலுவை அவள் படம் பிடித்திருந்தாள். அனுப்பினாள். பொம்மைகள், சுண்டல், தொலைவில் பத்மாவின் குரல்: முதல் அடி. உடனே, "ஃபோனை வெச்சுட்டுக் கிண்ணம் எடுத்துட்டு வாடி," என்கிறாள். படம் முடிகிறது.

"முதல் லைன் போதும்பா," என்றாள் நித்யா. "ஃபோன்கிட்ட ஹம் பண்ணுங்க, ஸாக்கு. அதுவே கண்டுபிடிச்சுடும்."

'போதும்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை அவளுக்குக் கன்னட 'ஸாக்கு'தான் வரும். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்பது நவராத்திரிகள் கட்டியிருந்த தொண்டையைச் செருமி, ஒரு கண்ணாடிச் சில்லின் முன் முனகினேன். அது சிறிது யோசித்துவிட்டு ஒரு பற்பசை விளம்பரத்தை எடுத்துக் கொடுத்தது. மறுபடி முனகினேன். குழந்தைகளுக்கான ஆங்கில எழுத்துப் பாட்டு வந்தது. என் குரலைப் பற்றி இவ்வளவு நேர்மையான மதிப்புரையை யாரும் தந்ததில்லை.

மாலை கௌரம்மா சுண்டல் கொண்டுவந்தாள். துக்க வீடு என்பதால் வாசற்படியிலேயே நின்றாள். கேட்டேன். இத்தனை ஆண்டுகள் கேட்டவளுக்கு இரண்டாவது அடி நினைவிருக்கும் அல்லவா?

கண்ணை மூடி முயன்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"இல்ல ஸாரே," என்றாள். "பத்மா பாடுவா. நாங்க கை கூப்புவோம். அவ்ளோதான்."

கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சாமி எது என்று பத்மா கடைசிவரை சொல்லவே இல்லையே என்றாள். நானும் சொல்லவில்லை.

இப்போது கொலு பார்க்க வருபவர்களை யாரும் பாடச் சொல்வதில்லை. பொம்மைகளுக்கு முன்னால் நின்று தங்களைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். மாடிப் பகுதியில் கணினி வேலை பார்க்கும் பையன்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். யாரும் குனிவதில்லை, நானும் எங்கும் தாமதமாவதில்லை.

முடிக்காமல் கிடப்பவை:

கைப்பேசியை என் பெயருக்கு மாற்றுவது.

பரணில் உள்ள பெட்டிகளில் அந்துருண்டை போடுவது.

ஒகாடாவைத் தேடுவது, இருந்தால், கேட்பது.

மாசியில் தூங்குமூஞ்சி மரம் கொட்டும்போது முதல் அடியையாவது பிழையில்லாமல் பாடுவது.

இரண்டாவது அடி.