டாக்டர் வெளியூர் சென்றுள்ளார்

எங்கள் அப்பா அருள்புரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தவர். அவர் பேச்சை எடுத்தால் ஊரில் எல்லோருக்கும் கண் கலங்குகிறது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. கண் கலங்குவது அதற்குப் பிறகு.

எங்கள் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆறு நாளாகத் தள்ளிப்போட்ட காய்ச்சல், இடுப்பு வலி, பிள்ளைகளின் இருமல் எல்லாம் அன்று காலை எட்டு மணிக்கே எங்கள் வீட்டு முன்பகுதியில் இருந்த கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூடப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நாக்கை நீட்டிக் காட்டுவார். அப்பாவும் பார்ப்பார். நான் கோபித்துக்கொண்டால், "அவங்க வேற எங்க போவாங்க கண்ணு?" என்பார். நாங்கள் எங்கே போவோம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவையும் ஞாயிற்றுக்கிழமையே வைத்தார்கள். பெற்றோருக்கு அன்றுதானே லீவு! கும்மியில் எனக்கு முன்வரிசை. முந்தைய மூன்று விழாவுக்கும் "வந்தர்றன் கண்ணு" என்று சொல்லி வராதவர் அப்பா. இந்த முறையும் அதையேதான் சொன்னார்.

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்த 'டாக்டர் வெளியூர் சென்றுள்ளார்' என்ற பலகை, உறைகூடப் பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது. மதியம் அப்பா சாப்பிட உள்ளே வந்த நேரம் பார்த்து அதைக் கொண்டுபோய் கேட்டில் மாட்டினேன். படித்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும், அப்பா எனக்குக் கிடைப்பார் என்று நினைப்பு.

ஒருவரும் கலையவில்லை. வடக்கே இருந்து வந்த தொழிலாளர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வழக்கம்போல் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்களோ பயந்துபோனார்கள். தன் கல்யாணத்துக்கு மறுநாளே கிளினிக்கைத் திறந்த மனிதர். பலகை தொங்குகிறதென்றால் டாக்டருக்கே ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அரை மணி நேரத்தில், டோக்கன் வாங்காதவர்களும் இளநீரும் ஆரஞ்சும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். "ஏனுங்கம்மா, டாக்டருக்கு நெஞ்சு வலிங்களாமா?" என்று ஒருவர் அம்மாவிடமே கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே வெளியே வந்து, வந்தது வந்தீர்கள் என்று அவர்களுக்கும் பிரஷர் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நாலு மணிக்கு விழா. அம்மா உள்ளே கிளம்பிக்கொண்டிருக்க, கும்மிப் பாவாடையும் பூவுமாக நான் போய் அப்பாவின் மேஜையை ஒட்டி நின்றுகொண்டேன்.

அப்போது ஓவர்லாக் மிஷின் ஓட்டும் அக்கா ஒருவர் உள்ளே வந்தார். நாள் முழுக்கப் பெடலை மிதித்துக் கால் வீங்குகிறவர். அதனாலோ என்னவோ, அவர் பார்வை நேரே மேஜைக்கு அடியில் போனது. "ஒண்ணுமில்லீங்கறீங்க. அப்பறம் கால் ஏனுங்க இப்படி வீங்கியிருக்குது? செருப்பு வாரு எப்படிப் பதிஞ்சிருக்குது பாருங்க."

அப்பா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "உக்காந்தே இருந்தா அப்படித்தானுங்க" என்று மழுப்பி, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். பிறகு என் பக்கம் குனிந்து, "அம்மாகிட்ட இதைச் சொல்லாத கண்ணு" என்றார்.

விடுவேனா?

"அப்ப நீங்க ஆண்டு விழாவுக்கு வரோணும். இப்பவே வரோணும்."

வந்தார். மிச்சம் இருந்தவர்களை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கும்மி முடியும்வரை கைதட்டினார். என்னைப்போல் கெட்டிக்காரி கிடையாது என்று அன்று எனக்கு ஒரே பெருமை. சொன்ன சொல் தவறாதவள் வேறு. அம்மாவிடம் மூச்சு விடவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்று சொன்னபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. டயாலிசிஸ் முடித்து வந்த மறுநாளே டோக்கன் கொடுக்கச் சொன்னவரை என்னதான் செய்வது?

ஒன்பது வயதில் எனக்குக் கால் வீக்கம் என்றால் வெறும் கால் வீக்கம்தான். அவர் டாக்டர். அது என்னவென்று தெரிந்தேதான் என் பேரத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரை என்றுதான் தெரியவில்லை.